காந்தம் ஒட்டாத கை

சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மாடியில் நான் வேலை பார்த்த தையல் கடையில் ஒரு காந்தம் இருந்தது. சிவப்புச் சாயம் அடித்த லாட வடிவக் காந்தம். அதில் ஒரு நாடா கட்டியிருக்கும். தரையில் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்க, கடைக்கார அக்கா தினமும் மாலையில் அதை நாய்க்குட்டியைக் கூட்டிப்போவதுபோல் மேசைக்கடியில் இழுத்துக்கொண்டு போவார். அந்தக் காந்தத்தை அவர் என் கையில் வைத்துப் பார்த்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்திருந்த காலம். அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது, இனிப்பு நீர் எனும் சர்க்கரை வியாதி வேறு. அவருடைய தங்கை கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில் இருந்தார். சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். எல்லை மூடி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அக்கா தங்கையைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார். கடற்பாலம் திறந்தால் ஊசி போட்டவர்களைத்தான் முதலில் விடுவார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்கும் அது தெரியும். ஆனாலும் போடமாட்டேன் என்றார். யாரோ அனுப்பிய காணொளியில் ஊசி போட்ட கையில் காந்தம் ஒட்டுகிறதாம். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். நான் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசுவதே எனக்குக் கஷ்டம். அதனால்தான் தையல் வேலைக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் கை வலித்தது. மிஷினில் துணியைத் திருப்பும்போது முகம் சுளித்ததை அக்கா பார்த்துவிட்டார். "போட்டுட்டியா? வா, கையக் காட்டு," என்று காந்தத்தை எடுத்தார். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த இரண்டு பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊசி போட்ட இடத்தில் வைத்ததும் காந்தம் கீழே விழுந்தது. அக்கா விடவில்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் பக்கத்தில் என்று கை அளவு எடுப்பதுபோல் வைத்து வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் விழுந்தது. கடைசியில் தரையிலிருந்து நாலு குண்டூசிகளோடு எழுந்தது.

"அவ கையில சதையே இல்லலா, எங்க ஒட்டும்? என் கையில வைங்க, ரெண்டு ஊசியும் போட்டாச்சு," என்று வந்தவர்களில் பருமனான அம்மா கையை நீட்டினார். அங்கும் விழுந்தது. நானும் சிரித்துவிட்டேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அவர்கள் போனபின் அக்கா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார், சாப்பிடவில்லை. "காந்தமெல்லாம் சும்மா. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல வரிசையில நிக்க வச்சு ஊசி போட்டாங்க. எல்லார் முன்னாடியும் மயங்கி விழுந்துட்டேன். ஒரு வருஷம் கேலி பண்ணாங்க," என்றார். நாள் முழுக்க ஊசியும் கையுமாக இருப்பவர் இதை யாரிடம் சொல்வார்? அவர் பயந்தது மருந்துக்கு இல்லை. விழுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்றுதான் பயந்தார். கூச்சம் என்றால் எனக்கு நன்றாகப் புரியும். "உங்க தங்கச்சி உடம்பு தாங்காதுக்கா. நாம போட்டுக்கிட்டாதான் அவங்களுக்கும் ஒரு பாதுகாப்பு," என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் இருவரும் தடுப்பூசி போடும் சமூக மன்றத்துக்குப் போனோம். அக்காவை உட்கார வைத்துவிட்டு, தாதியிடம் விஷயத்தைச் சொல்ல நான் போனேன். இரண்டு முறை பாதியில் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை எப்படியோ சொல்லிவிட்டேன். தாதி சிரிக்கவே இல்லை. ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்டார். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு முக்கியமாகத் தேவை என்றார். திரைக்குப் பின்னால் ஒரு படுக்கையைக் காட்டினார். "படுத்துக்கிட்டே போட்டுக்கலாம் ஆன்ட்டி. நிறைய பேரு அப்படித்தான் போட்டுக்கிறாங்க."

அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். தாதி அதற்குள் பஞ்சை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஊசியும் போட்டு, பாலம் திறந்ததும் அக்கா பேருந்தில் ஜோகூர் போனார். தங்கையோடு எடுத்த படத்தை அனுப்பி, 'ரொம்ப இளைச்சுட்டா. ரவிக்கை எல்லாத்தையும் பிடிச்சுத் தைக்கணும்' என்று எழுதியிருந்தார்.

இப்போது அக்கா கடையை விட்டுவிட்டார். நான் வேறொரு கடையில் தைக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை சளிக்காய்ச்சல் ஊசிக்குப் பலதுறை மருந்தகம் போவேன். இன்னும் நானாக யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் தன் வரிசை எண்ணைக் கூப்பிட்டும் எழாமல், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது முணுமுணுத்தால், கொஞ்சம் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

"பயமா இருந்தா சொல்லுங்க. நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்."