வீட்டில் இங்கிலீஷ் மட்டும்

எங்கள் இறப்பர் தோட்டத்து மேட்டில் கைபேசிக் கோபுரம் முளைத்த வருடம், கேகாலை பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு டியூட்டரியில் சேர்ந்தேன். ஆங்கிலம் படித்தால் சீனமொழி இலவசம் என்று விளம்பரம், சவர்க்காரம் வாங்கினால் கோப்பை கிடைப்பதைப்போல. ஏ.எல். பரீட்சை வரை படித்தவள், தோட்டப் பள்ளியில் தொண்டர் ஆசிரியை, நான்கு வயது மகளின் அம்மா. இத்தனை தகுதி உள்ளவள் அந்த விளம்பரத்தைத் தாண்டிப் போக முடியுமா?

மாஸ்டர் நல்லவர். சீனமொழியில் எங்களைவிட இரண்டு பாடம் முன்னால் இருந்தார்.

"நாளைக்கு சீனாக்காரன் ரோடு போட வருவான். உங்க புள்ளைங்க அவனுக்கு மண்ணு சொமக்கணுமா, பக்கத்துல நின்னு பேசணுமா?"

வகுப்பிலிருந்த பதினொரு தாய்மாரும் கலங்கினோம். கலங்கிய சூட்டோடு ஒரு விதியை எழுதிக்கொண்டோம். வீட்டில் தமிழும் கூடாது, சிங்களமும் கூடாது. பிள்ளை பேசினால் ஆங்கிலம், இல்லாவிட்டால் மௌனம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீனம்.

நான் விதிகளை மீறாதவள். அன்று மாலையே தொடங்கினேன். ஞாயிறுகளில் நானும் மகளும் சீனத்தில் பத்து வரை எண்ணுவோம். வேறு எதுவும் தெரியாததால் மறுபடியும் எண்ணுவோம்.

"சீனாவுலேருந்து போன் வந்தா கூப்புடு" என்று கணவர் வெளியே போய்விடுவார்.

ஒரு மாதத்தில் வீடு அமைதியாகிவிட்டது. மகள் அடக்கமாகிவிட்டாள் என்று மாஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன். இது பெருமைதானா என்று திரும்பி வரும் பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மகளைக் கூட்டிவரப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா டீச்சர், புள்ள காதுல சீழு வடியுது. ரெண்டு நாளா வலிக்குதுன்னு என்கிட்ட அழுவுது. நீங்க பாக்கலையா?"

"வீட்டுல ஒண்ணும் சொல்லலையே."

"எப்புடிச் சொல்லும்? அம்மாகிட்ட இங்கிலீஷ்லதான் சொல்லணுமாம். காது வலிக்கு இங்கிலீஷ் தெரியாதாம். ஒங்களுக்காவது தெரியுமா?"

தெரியும். ஏ.எல். ஆயிற்றே. சொல்லிக்கொடுக்கத்தான் இல்லை. நாங்கள் அப்போது பழங்களின் பெயர்களில் இருந்தோம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் டாக்டர் மஹத்தயா குனிந்து, "கொஹேத ரிதென்னே, துவே?" என்று கேட்டார். எங்கே வலிக்கிறது என்று சிங்களத்தில் கேட்டால் அவளுக்கு நன்றாகப் புரியும். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்தாள். அனுமதிக்காகப் பார்க்கிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சொல்லு" என்றேன்.

காதைத் தொட்டுக் காட்டிச் சிங்களத்தில் சொன்னாள். என்னைவிட நல்ல சிங்களம்.

மருந்தோடு இறப்பர் மரங்களினூடே நடந்தோம்.

"அம்மா, தமிழ்ல பேசலாமா?"

"பேசு."

"காது சொகமாகுற வரைக்குமா?"

"எப்பவும் பேசு."

அவள் நம்பவில்லை. பிறகு, மெதுவாக, ஆயாம்மாவின் பூனை குட்டி போட்டிருக்கிறது என்றாள். நான் திருத்துகிறேனா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்புடியா! எப்ப போட்டுச்சு?"

"எப்பவோ போட்டுருச்சும்மா. இப்ப எல்லாம் கண்ணு தொறந்து ஓடுது."