ஸ்டானி அண்ணனின் மூன்றாவது பிக்கப்

ஸ்டானி அண்ணனோடு கடைக்குப் போவது ஒரு தண்டனை. சட்டைத் துணி எடுக்கப் போனாலே அரை நாள் ஆகும். கித்தாருக்குப் பிக்கப் எடுக்கப் போனால் கேட்கவே வேண்டாம். ஈப்போ பழைய டவுனில் சீன முதலாளி லியோங் தவுக்கேயின் இசைக்கருவிக் கடையில் அண்ணனோடு உட்கார்ந்து உட்கார்ந்து, அந்தக் கடைப் பூனைகூட என்னைக் கண்டால் எழுந்து இடம் விடும் அளவுக்குப் பழகிவிட்டது.

பிக்கப் என்றால் என்னவென்று எனக்கும் முதலில் தெரியாதுதான். எலக்ட்ரிக் கித்தாரின் கம்பிகளுக்குக் கீழே தீப்பெட்டியை இழுத்து நீட்டியதுபோல ஒரு துண்டு இருக்கும். உள்ளே காந்தமும் அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியும். கித்தார் கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். அது சரியில்லை என்றால் கித்தார் வெறும் பலகை. இதையெல்லாம் அண்ணன் சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டேன். நான் பாடுகிறவள். புந்தோங்கில் ஒரு தையல் கடையில் வேலை, சனி ஞாயிறில் கல்யாண வீடுகளில் பாட்டு. எங்கள் குழுவில் டிரம்ஸ் அடிப்பதும் நிகழ்ச்சி பிடித்து வருவதும் பத்துமலை. கித்தார் ஸ்டானி அண்ணன். மற்றவர்கள் வருவார்கள், சண்டை போடுவார்கள், போய்விடுவார்கள்.

அண்ணன் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். ஸ்டானிஸ்லாஸ் என்று பெயர் வைத்தது ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார். அந்தப் பெயரைத் தோட்டத்தில் ஒருவராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. பெற்ற தாயே 'தானிசு' என்றுதான் கூப்பிட்டாராம். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது குடும்பம் பெயர்ந்து இந்தப் பக்கம் வந்தது. கோப்பெங் சாலையில் ஒரு கல்குவாரியில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது. சுண்ணாம்பு மலையில் எந்திரத்தால் துளை போட வேண்டும். வெடி வைப்பவர் அப்புறம் வருவார். காலை முதல் மாலை வரை அண்ணன் அந்த எந்திரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நிற்பார். காதுக்கு வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுத் துண்டுகூட யாரும் கொடுத்ததில்லை. கேட்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த மனிதர் சனிக்கிழமை மாலையில் தலையிலிருக்கும் வெள்ளைத் தூளைக் கழுவி, முகத்துக்குப் பவுடர் போட்டு, நீலச் சட்டையோடு மேடையில் நின்றால் வேறு ஆள். பெண்கள் என்னிடம் வந்து நைசாக விசாரிப்பார்கள். "நவமணின்னு ஒரு அக்கா வீட்டுல இருக்கு, பிள்ளைங்களும் இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். ஆனால் அவர் வாசிப்பதைக் கேட்டால் அந்தப் பெண்களைக் குறை சொல்ல முடியாது. நான் ஒரு வரி பாடி நிறுத்தினால், கித்தாரில் அதற்கு ஒரு பதில் வரும். சில சமயம் நான் பாடியதைவிடப் பதில் நன்றாக இருக்கும். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

எழுபத்தொன்பதில் ஒரு நாள் பயிற்சிக்கு நடுவே கித்தாரைத் தட்டிப் பார்த்தார். "பிக்கப் செத்துப்போச்சு, எல்ஸி. சத்தம் கம்பளிக்குள்ளேருந்து வர மாதிரி இருக்கு."

"எனக்கு நல்லாத்தானே கேக்குது அண்ணே."

"ஒனக்கு என்னா தெரியும் லா. நீ பாடுறவ."

கடைக்குப் போனோம். தவுக்கே ஜப்பான் பிக்கப்புகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகக் கம்பி பற்றவைத்து, வாசித்து, கழற்றி, மறுபடி பற்றவைத்து... அண்ணன் கடைசியில் தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே கீச்சென்று கத்தும் ஒன்றை. "தாஜாம் லா!" என்று தவுக்கே காதைத் தேய்த்துக்கொண்டார். மலாயில் கூர்மை என்று அர்த்தம். அண்ணனோ கம்பளியைத் தூக்கி எறிந்துவிட்டாற்போல முகம் மலர்ந்து நின்றார்.

அடுத்த வாரம் கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்துக் கல்யாணம். முதல் பாட்டிலேயே முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கைக்குழந்தைகளின் காதைப் பொத்தினார்கள். தகரத் தட்டைக் கரண்டியால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். பத்துமலை யாருக்கும் தெரியாமல் ஆம்ப்ளிஃபயரில் கூர்மையைக் குறைத்து வைத்தான். அண்ணன் உடனே திரும்பினார்.

"யாரு லா கைய வச்சது?"

நடு மேடையில் சண்டை. மாப்பிள்ளை வீட்டார் வந்து விலக்கிவிட்டார்கள்.

மறு வருடம் ஜப்பான் பிக்கப்பும் கம்பளிக்குள் போய்விட்டது. சிங்கப்பூரிலிருந்து தவுக்கே வரவழைத்த அமெரிக்கப் பிக்கப்பை அண்ணன் மாட்டினார். அது அதற்கும் மேல் கீச்சிட்டது. வயர் மாற்றினார், கம்பி மாற்றினார், கடன் சொல்லி வேறு ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். எங்களை அழைக்கிறவர்கள் குறைந்தார்கள். அண்ணனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பத்துமலை சொன்னான். நானும் ஆமாம் போட்டேன். பழைய பிக்கப்பை மாட்டாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம்.

குவாரிக்குப் பின்னால் மலையடிவாரத்தில் வீடு. பொழுது சாய்கிற நேரம். மலைக்காட்டில் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. காதைத் துளைக்கும் கத்தல். நவமணி அக்கா, சர்க்கரை போதுமா என்று கேட்டதை நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பத்துமலை தொண்டையைச் செருமிப் பேச்சை எடுக்கப் போனான். அதற்குள் அண்ணன் காப்பியை ஊதிக்கொண்டே மலையைப் பார்த்துச் சொன்னார்:

"முன்னல்லாம் இந்நேரத்துக்குச் சில்வண்டு என்னா கத்து கத்தும் தெரியுமா? மலைய ஒடச்சி ஒடச்சி எல்லாம் செத்துப்போச்சு. எங்க கைதான் செஞ்சது. பாரு, ஊரே எப்பிடி அமைதியா கெடக்கு."

பத்துமலை என்னைப் பார்த்தான். நான் நவமணி அக்காவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வண்டுகள் கத்திக்கொண்டே இருந்தன. நாங்கள் சொல்ல வந்ததைச் சொல்லாமல் எழுந்தோம். வாசல் வரை வந்த அக்கா, "சின்னவ பேசுனா வெளங்க மாட்டேங்குது இவருக்கு. புள்ள வாய்க்குள்ள முணுமுணுக்குதுன்னு திட்டுறாரு. நான் என்னான்னு சொல்ல?" என்றார்.

கித்தாரில் ஒரு குறையும் இருந்ததே இல்லை. இவ்வளவு நாளும் நாங்கள் அவரைத் திட்டியதும், அவர் தவுக்கேயைத் திட்டியதும், எல்லாம் அவர் காதுக்குள் நடந்துகொண்டிருந்த ஒன்றுக்காக.

பத்துமலைதான் காது விஷயத்தை அண்ணனிடம் சொன்னான். அவர் சிரித்தார். "நீ பேசுறது கேக்குதுல்ல? அப்புறம் என்னா செவிடு?" ஆனால் அன்று முதல் சிரிப்பு குறைந்தது. குவாரியின் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். நானும் போனேன்; அண்ணன் ஏதாவது கேட்கத் தவறினால் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. டாக்டர் இரண்டு காதையும் சோதித்தார். நரம்பு போய்விட்டது, மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது, போனது வராது. எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "வேலை தவிர வேற என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

அண்ணனுக்கு முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரு பெரிய மனிதர் கேட்கிறாரே! "எலக்ட்ரிக் கித்தார் வாசிப்பேன் சார். கல்யாண வீட்டுல."

"அப்ப அதான் காரணம்" என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற, குவாரியில் கணக்கு எழுதும் கிராணி வேகமாகத் தலையாட்டினார். அவ்வளவுதான். மலையைத் துளைத்த எந்திரத்தின் மீது பழியே இல்லை. வாரத்தில் ஒரு சாயங்காலம் வாசித்த கித்தார்தான் குற்றவாளி. நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அண்ணன் ஒன்றுதான் கேட்டார். "கித்தார் என்னா பண்ணுச்சு எல்ஸி, பாவம்?" திங்கட்கிழமை அவர் மறுபடியும் அந்த எந்திரத்தை அணைத்துக்கொண்டு நின்றார். வேறு எங்கே போவார்? யாரிடம் போய் நாங்கள் முறையிட? எங்களுக்குத் தெரிந்த பெரிய ஆள் லியோங் தவுக்கேதான்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணன் தையல் கடைக்கு வந்தார். "கடைக்கு வாரியா? சுங்கை சிப்புட்டுல கல்யாணம் ஒண்ணு ஒத்துக்கிட்டிருக்கான் பத்துமலை. பிக்கப் மாத்தணும்."

"இன்னும் எதுக்கு அண்ணே?"

"வா லா."

தவுக்கே இரண்டை எடுத்து வைத்தார். அண்ணன் வழக்கம்போல ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து உட்காரவில்லை. ஸ்டூலைத் திருப்பி எனக்கு நேரே போட்டுக்கொண்டார். முதலாவதைப் பற்றவைத்து வாசித்தார். கூரான சத்தம். நான் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். கண் தானாகச் சுருங்கிவிட்டது. இரண்டாவதை மாட்டி வாசித்தார். சத்தம் உருண்டு, கனிந்து வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தி, தவுக்கேயிடம், "இனி" என்றார். மலாயில், இதுதான் என்று.

"அண்ணே, இது ஒங்களுக்குக் கேக்குதா?"

"அடை மழையில நின்னுக்கிட்டு யாரோ பேசுற மாதிரி கேக்குது. மொதல்ல வாசிச்சனே, அதுதான் எனக்குக் கேட்டுச்சு." கித்தாரை உறையில் போட்டார். "கல்யாணத்துக்கு வாரவங்களுக்குத்தானே வாசிக்கிறோம்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமா? சொல்லி என்ன ஆகும்? அவருக்குக் கேட்கிற பிக்கப்பை மாட்டினால் ஊர் காதைப் பொத்தும். ஊருக்குப் பிடித்ததை மாட்டினால் அவருக்குக் கேட்காது. இரண்டில் எதை எடுத்தாலும் தோற்கிற கணக்கு அது. தவுக்கே பிக்கப்பை நன்றாகப் பற்றவைத்துக் கொடுத்தார். அவருக்கும் விஷயம் தெரிந்துதான் இருந்தது.

சுங்கை சிப்புட் கல்யாணத்தில் பெண்ணை அனுப்பி வைக்கிற நேரத்துக்கு ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். தாய்வீட்டை விட்டுப் போகிறவளின் பாட்டு. அண்ணன் கூட்டத்தைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நான் ஒரு வரி பாடி நிறுத்தினேன். பதில் வந்தது. இத்தனை வருடங்களில் அப்படி ஒரு பதில் வந்ததில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சாப்பாட்டுப் பந்தியில்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்டது. வாசித்த ஒருவருக்குத்தான் கேட்கவில்லை. விரல்களுக்கு வழி தெரியும், அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்து முகம் கோணியது.

சட்டென்று அண்ணனின் கை கித்தாரின் குமிழுக்குப் போனது. சத்தம் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டார். திருகினார், அந்த அருமையான ஒலி மங்கிச் சப்பென்று ஆனது. பயந்துபோன கண்களோடு என் முகத்தையே பார்த்தபடி இன்னும் திருகினார்.

நான் சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன். அவர் கை தயங்கி, குமிழைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்தது. ஒலி திரும்பி வந்தது. அவர் முகமும் தெளிந்தது.

முன்வரிசையில் மணப்பெண்ணின் தாய் தேம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் என்னைக் காட்டி எரிச்சலோடு சொன்னது மேடை வரை கேட்டது. "பொண்ண அனுப்புற பாட்டுக்குப் போயி இப்பிடிப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாளே, கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா?"

நான் பல்லைக் காட்டிக்கொண்டேதான் மீதிப் பாட்டையும் பாடினேன்.