எஸ்தர் அக்கா எடுத்த இரண்டாவது படம்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி எங்கள் ஸ்கேன் சென்டரின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. காலை ஏழரை மணி. ஆவடி குவார்ட்டர்ஸில், வேலைக்குக் கிளம்பும்போது மாரடைப்பு. பத்து நிமிடத்துக்குள் குழு முழுக்கக் கைகூப்பும் பொம்மைகள். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று முதலாளி எழுதினார். அதற்கு நேர் கீழே மார்க்கெட்டிங் பிரிவு முழு உடல் பரிசோதனைச் சலுகை விளம்பரத்தைப் போட்டது. பழக்க தோஷத்தில் அதற்கும் சிலர் கைகூப்பினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நானும் ஒரு பொம்மையைப் போட்டுவிட்டுத்தான் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: எஸ்தர் ராணி, கரையான்சாவடியில் எங்கள் சென்டரில் பதினான்கு வருடம் எம்.ஆர்.ஐ. எடுத்த டெக்னீஷியன். படம் எடுப்பது அவர் வேலை. அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போடும் டாக்டர் நான். அவர் நோயாளியின் கையைப் பிடித்து மேசையில் ஏற்றுவார். நான் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. “சார், உங்க ரூம்ல ஏசி ஜாஸ்தி. கொஞ்சம் வெளிய வாங்க” என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் சிரிப்புக்காகச் சொன்னதில்லை.

முட்டிச் சில்லு நழுவுகிறது என்று வருகிறவர்களை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் படம் எடுக்கிறார்கள். காலை நீட்டிப் படுக்கவைத்து, அசைந்தால் படம் கலங்கிவிடும் என்று பட்டை போட்டு இறுக்குவார்கள். தொடைத் தசை தளர்ந்து கிடக்கும். சில்லும் சமர்த்தாகத் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். நானும் ‘நார்மல்’ என்று எழுதிவிடுவேன். அக்காவுக்கு இது பொறுக்காது. ஒரு நாள் மெஷின் ரிப்பேராகி எல்லோரும் சும்மா இருந்தபோது என்னையே மேசையில் படுக்கவைத்துக் காலைக் கட்டினார். “இப்ப எழுந்து ஓடுங்க பாப்போம். கட்டிப்போட்டா எந்த முட்டிதான் சார் ஓடும்?” என்றார். வார்டு ஆயா வரை எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

அவர் செய்தது இவ்வளவுதான். வழக்கமான படம் முடிந்ததும் பட்டையை அவிழ்ப்பார். முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி அதை நசுக்கச் சொல்வார். அப்படி இறுக்கியிருக்கும்போதே வேகமாக இரண்டாவது படம் ஒன்று எடுப்பார். உள்தொடைத் தசை மெலிந்து வேலை செய்யாமல் இருந்தால், வெளிப்பக்கத் தசை சில்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போவது அதில் தெரிந்துவிடும். இதற்குக் கூடுதலாக ஆறு நிமிடம் ஆகும்.

கன்னியம்மா அப்படி வந்தவர்தான். மாங்காட்டுக்காரர், அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. படி இறங்கும்போது முட்டி விலகி விழுகிறார் என்று கம்பெனியே அனுப்பியிருந்தது. மாடியில் இருந்த தையல் பிரிவிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்திருந்தார். சூப்பர்வைசரோ, நடிக்கிறாள் என்றார். என் ரிப்போர்ட்டைப் பொறுத்துத்தான் முடிவு. நான் ‘நார்மல்’ என்று எழுதினேன்.

ஆனால் அதற்கு முன்பே எஸ்தர் அக்கா கன்னியம்மாவிடம், “நீ நடிக்கலம்மா, உன் முட்டி நெசமாவே ஓடுது” என்று சொல்லிவிட்டிருந்தார். டெக்னீஷியன் ரிசல்ட் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. இரண்டில் எது சரி என்று கம்பெனியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் அக்காவை எல்லோர் முன்னிலையிலும் நிற்கவைத்து, “ரிசல்ட் சொல்ல நீங்க யாரு?” என்று கத்தினேன். அவர் அமைதியாக ஒன்றே ஒன்று கேட்டார்.

“ரெண்டாவது படம் பாத்தீங்களா சார்?”

“பார்த்தேன்” என்றேன்.

பார்க்கவில்லை. திறக்கவே இல்லை. அன்று வரிசையில் ஏகப்பட்ட ரிப்போர்ட்டுகள் காத்திருந்தன என்று இப்போது சமாதானம் சொல்லலாம். அது வெறும் சோம்பேறித்தனம், அதற்கு மேல் திமிர்.

அடுத்த வாரமே முதலாளி ஒரு மீட்டிங் போட்டார். ஆறு நிமிடம் வீணாகிறதாம். “டாக்டர், இந்த எக்ஸ்ட்ரா படம் தேவையா?” என்று என்னைக் கேட்டார். “கட்டாயம்னு சொல்ல முடியாது” என்று வழவழவென்று ஒரு பதில் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது. எதற்கும் மல்லுக்கு நிற்கும் அக்கா அன்று வாயே திறக்கவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. அவரை வானகரம் கிளைக்கு, எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள். கடைசி இரண்டு வருடம் அங்கேதான் இருந்தார்.

இரங்கல் கூட்டத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று முதலாளி, “அந்த ஆறு நிமிஷம்தான் நம்ம சென்டரோட அடையாளம்” என்று குரல் தழுதழுக்கப் பேசினார். நீங்கள் கை தட்டினீர்கள். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். அவருடைய இரண்டாவது படத்தைப் பாராட்டத்தான் வாயைத் திறந்தேன். கன்னியம்மாவின் படத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டேன். துக்கம் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

நேராகப் போய்ப் பழைய பதிவைத் திறந்தேன். கன்னியம்மாவின் சில்லு பள்ளத்தை விட்டு வெளியே போய் நின்றது. உள்தொடைத் தசை மெலிந்து கிடந்தது. முதலாம் ஆண்டு மாணவன்கூடச் சொல்லிவிடுவான். புதிதாக ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மறுநாள் மாங்காட்டுக்கு எடுத்துப் போனேன்.

கன்னியம்மா காலை நீட்டி உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் செய்துகொண்டிருந்தார். கம்பெனியில் மாடிப்படியிலேயே விழுந்து, கை உடைந்து, வேலை போய் ஒன்றரை வருடமாகிறதாம். நான் யார் என்று சொல்லி ரிப்போர்ட்டை நீட்டினேன்.

“இதுல இன்னா சார் போட்டுகீது?”

“உங்க முட்டி நழுவுதுன்னு போட்டிருக்கு. அப்பவே நழுவிச்சு. நான் அந்தப் படத்தைப் பார்க்காமலே எழுதிட்டேன்.”

அவர் காகிதத்தை வாங்கவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“அப்ப அந்தம்மா இன்னாத்துக்கு சார் எனுக்குப் போன் பண்ணி அழுதுச்சு? ‘டாக்டரு படத்த பாத்துட்டாராம், ஒண்ணும் இல்லையாம், நான்தான் தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ’ன்னு. அந்தம்மாவே சொல்லிடுச்சேன்னுதான் நானும் மறுபடி மாடி ஏறிப் போனேன்.”

என் பொய்யை நம்பி, என் தப்புக்கு எஸ்தர் அக்கா மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மன்னிப்பு ஒன்றுதான். திருப்பிக் கொடுக்க இனி அவர் இல்லை.