தாய்மாமனுக்கு ஒரு நினைவூட்டல்

எங்கள் பக்கத்தில் செய்திக்குத் 'தாக்கல்' என்று பெயர். செய்தித்தாளில் மனுவைத் தாக்கல் செய்வார்கள். நாங்கள் தாக்கல் சொல்லி விடுவோம். "அவுகளுக்குத் தாக்கல் சொல்லியாச்சா?" என்று ஒருவர் கேட்டால் பெரும்பாலும் அது துக்கச் செய்தியாகத்தான் இருக்கும். கல்யாணத்துக்குப் போவது தாக்கல் அல்ல, பத்திரிகை. அதிலும் தபாலில் வந்த பத்திரிகை ஒரு மரியாதை, கையில் கொடுத்தது ஒரு மரியாதை, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தது வேறு மரியாதை. நான் கப்பலூரில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வகை பிரித்து எழுதி வைப்பது என் பிழைப்பு. இருந்தும் எந்தச் சொல்லை யாருக்கு அனுப்பலாம் என்ற பட்டியலை மட்டும் என்னால் இன்னும் முடிக்க முடியவில்லை.

'நினைவூட்டல்' எங்கள் குடும்பத்துக்குள் வந்தது அக்காவின் கணவரால். அத்தான் சொந்தத்தில்தான் மாப்பிள்ளை. ஆனால் வளர்ந்ததும் படித்ததும் ஓசூரில். வீட்டில் உட்கார்ந்தே கணினி வேலை பார்ப்பவர். அடுத்த அறையில் இருக்கும் மனைவிக்கு 'ஜென்டில் ரிமைண்டர்' என்று தலைப்பிட்டு, தயிர் உறை ஊற்றவும் என்று அனுப்புவார். அக்கா 'நோட்டட்' என்று பதில் போடுவாள். தயிரும் நன்றாகவே உறைந்துகொண்டிருந்தது.

அவர்கள் மகளுக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அக்கா, தங்கை எங்கள் இருவருக்கும் இருப்பது ஒரே அண்ணன். வாடிப்பட்டியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். அக்காவும் அத்தானும் முறையாகத் தட்டோடு போய் அழைத்துவிட்டு வந்தார்கள். அண்ணன் அன்றைக்கே கடையில் எல்லோரிடமும் "எம் மருமகளுக்குக் காதுகுத்து" என்று சொல்லத் தொடங்கிவிட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். விழாவுக்குச் சில நாள் முன்பு அத்தான் ஒரு அட்டையைத் தயார் செய்து சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மேலே பெரிய எழுத்தில் 'நினைவூட்டல்'. நடுவில் அண்ணனின் படம், நெற்றியில் சந்தனம். சுற்றிலும் ரோஜாப்பூ. கீழே நாள், நேரம், இடம்; என்ன விசேஷம் என்பது மட்டும் இல்லை. அதற்கும் கீழே 'குடும்பத்தார்'. தாய்மாமன் படம் போடுவது இந்த ஊர் வழக்கம் என்று யாரோ சொன்னதால் மரியாதையாகத்தான் போட்டிருக்கிறார். ஆனால் மதுரைச் சுவர்களைப் படித்து வளர்ந்தவர்கள் 'நினைவு' வரை வந்ததும் 'அஞ்சலி'யைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள்.

குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. எங்கள் சொந்தத்தில் 'கட்டாயம் வாரேன்' என்பதற்கும் அந்தக் கைதான், 'போயிட்டாரா' என்பதற்கும் அந்தக் கைதான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெரியம்மா மட்டும் அழுதுகொண்டே அண்ணன் நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார், அண்ணியிடம் துக்கம் விசாரிக்க.

"ஏத்தா, நல்லாத்தானே இருந்தான்..."

"நல்லாத்தான் பெரியம்மா இருக்கேன்."

"யாருய்யா பேசுறது?"

"நான்தான்."

"நீ எப்படிய்யா போன எடுக்குற?"

அன்று மாலையே அண்ணன் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான்; நானும் அங்கிருந்தேன். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"செத்துட்டேன்னு போட்டதக்கூட விடு. கண்ணேறு கழிஞ்சதுன்னு வச்சுக்குறேன். எனக்கு நினைவூட்டலா? நான் என்ன கரண்டு பில்லு கட்டாதவனா? எம் மருமக காதுகுத்த நான் மறந்துருவேனா?"

"அண்ணே, அது எல்லாருக்கும் போட்டது," என்றேன்.

"படம் யாரு படம்? அம்புட்டு மறதிக்காரன் மடி எதுக்கு? வேற மடியப் பாத்துக்கங்க."

அக்கா அவன் போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்: "அவன் மடி இல்லாட்டி காதே குத்த வேணாம். மூளிக் காதோடயே வளரட்டும்."

அத்தான் மறுபடியும் தட்டெடுத்தார். இந்த முறை நானும் கூடப் போனேன். அண்ணன் எங்களைக் கடையில் உட்கார வைத்து டீ சொன்னான், ஒரு விசிறிப் பெல்ட்டைக் காட்டி அதில் என்ன கோளாறு என்று என்னிடம் கேட்டான், அத்தானின் முதுகுவலியை விசாரித்தான். கிளம்பும்போது தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "பாப்போம் மாப்ள" என்றான்.

'பாப்போம்' என்பதற்கு இங்கே மூன்று பொருள் உண்டு. சரி. முடியாது. இன்னொரு தடவை கேளு. மூன்றாவதுதான் அதிகம் புழங்குவது. ஆனால் இன்னொரு தடவை கேட்பதற்கு நினைவூட்டல் என்றுதானே பெயர்? அக்கா தடை போட்டாள். "ஒருத்தரும் அவனுக்கு ஒண்ணும் அனுப்பக் கூடாது. எதக் கேட்டாலும் ஞாபகப்படுத்துறோம்பான்." அத்தான் தினமும் அனுப்பும் காலை வணக்கப் படத்தைக்கூட நிறுத்திவிட்டார்.

காதுகுத்து அன்று காலை அழகர்கோவிலில் எல்லோரும் இருந்தோம், மடியைத் தவிர. ஆசாரி ஊசியோடு வந்து உட்கார்ந்தார். மொட்டை போடுகிறவர் கத்தியைத் துடைத்து முடித்து, மறுபடியும் துடைத்தார். குரங்கொன்று தாம்பாளத்திலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அதைத் துரத்தக்கூட யாரும் எழவில்லை. நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது.

அத்தானின் சித்தப்பா தொண்டையைச் செருமினார். "முறைக்காரங்க வேற யாராச்சும் உக்காந்தா என்ன? கடைசியில காதுதானே?"

அக்கா பிள்ளையை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டு பாதையையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அத்தான் போனை எடுப்பதும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பதுமாக இருந்தார்.

நான் ஒரு தூணுக்குப் பின்னால் போனேன். அழைப்பு கூடாது, நினைவூட்டல் கூடாது, கேள்வி கூடாது, தாக்கல் என்றாலே அபசகுனம். எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் ஒரே சொல்தான் இருந்தது. 'அண்ணே' என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'எறங்கவா?'

நான் போனே போட்டுவிட்டேன். "எங்கருந்து எறங்க?"

"வேன்லருந்துதான். கோட்ட வாசல்ல எம்புட்டு நேரமா நிக்கிறது? சீர் கொண்டாந்தவன எதுத்தாப்புல வந்து கூப்பிட மாட்டீகளா? மேளக்காரரு ரெண்டாவது டீ குடிச்சிட்டாரு."

"வந்துருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? தாய்மாமன் வருவான்னு ஒங்களுக்கு ஞாபகப்படுத்தணுமாக்கும்?"

நான் தூணுக்கு இந்தப் பக்கம் வந்து, கோட்டை வாசல் என்று மட்டும் சொன்னேன். அக்கா தட்டுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளையோடு முன்னால் நடந்தாள், அத்தான் சந்தனக் கிண்ணத்தோடு பின்னால் ஓடினார். மேளம் தொடங்கியது. அண்ணன் புதுப் பட்டு வேட்டியில், சீர்த்தட்டுகளுக்கு நடுவே, மலையிறங்கி வந்த அழகர் போல நடந்து வந்தான்.

"மாப்ள, ஒரு போன் போடக் கை வரலையா?"

"நீங்கதான மச்சான், ஞாபகப்படுத்தக் கூடாதுன்னீங்க."

"கோவத்துல சொல்லுவேன். அதுக்காக நெசமாவே விட்டுருவியா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் குரங்கைப் பார்த்தேன்.

முதலில் முடி இறக்கினார்கள். பிறகு சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பிள்ளையை அண்ணன் மடியில் அக்காவே உட்கார வைத்தாள். அது அவன் மீசையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆசாரி ஊசியைக் காதருகே கொண்டுபோனதும், பிள்ளைக்கு முன்னால் அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.