எட்டாம் நம்பர் காலும் பழைய சிட்டும்

ஆம்பூரில் தைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர் சுகமாக நடந்தால், அந்தப் பெருமையில் பாதி தன் காலுக்குத்தான் என்று ஜியாவுல்லா நினைத்துக்கொள்வார். முழுப் பெருமையையும் கேட்கவில்லை பாருங்கள், அவ்வளவு அடக்கமான மனுஷன்.

ஹைவே ஓரத்து ஷூ கம்பெனியில் அவருக்கு வேலை, நடப்பது. ஆமாம், வெறுமனே நடப்பதுதான். புது மாடல் ஷூவுக்கு முதலில் ஒரு சாம்பிள் ஜோடி தைப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு நடை நடந்து, எங்கே இறுக்குகிறது, எங்கே தொளதொளக்கிறது என்று அவர் சொல்லவேண்டும். அவர் சொன்னபடி அளவை மாற்றிய பிறகுதான் ஆயிரக்கணக்கில் தைக்க ஆரம்பிப்பார்கள். இருபத்துநாலு வயதில் சோல் ஒட்டிக்கொண்டிருந்தவரை இந்த வேலைக்குத் தூக்கிவிட்டது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு நிபுணர். கம்பெனி ஆட்கள் அத்தனை பேருடைய காலையும் அளந்து பார்த்த அந்த வெள்ளைக்காரர், ஜியாவுல்லாவின் காலைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அளந்தாராம். ஸ்கேல் வைத்து வரைந்தது மாதிரி துல்லியமான எட்டாம் நம்பர் கால். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷமாக அவர் எட்டு பாய்.

பட்டம் வந்தால் பத்தியமும் வரும் அல்லவா? மனுஷன் பந்து விளையாட மாட்டார், தண்ணீரில் நிற்க மாட்டார், செருப்பில்லாமல் வாசல் தாண்ட மாட்டார். நிக்காஹ் அன்றைக்கு மச்சினிகள் விளையாட்டாக மாப்பிள்ளையின் ஷூவை ஒளித்து வைத்துவிட, வெறுங்காலில் இறங்கமாட்டேன் என்று ஒரு மணி நேரம் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். தான் கட்டிக்கொண்டது ஒரு ஆளை அல்ல, ஒரு ஜோடிக் காலை என்று ஷஹீன் பானுவுக்கு அன்றே விளங்கிவிட்டது.

காலுக்கு அடுத்தபடி ஜியாவுல்லா நேசித்தது ஒரு காரை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் முதலாளி அப்துல் ஹமீதின் மகன் ஒரு குட்டிச் சிவப்புக் கார் வைத்திருந்தான். உருவம் சின்னது, விரட்டினால் பறக்கும். ஊரே அதைச் சிட்டு என்று கூப்பிட்டது. அவசரமாக சென்னையில் சாம்பிள் காட்டவேண்டி வந்தால், ஷூவையும் அதைப் போட்டுக் காட்டும் காலையும் சேர்த்து அந்தக் காரில் அனுப்புவார்கள். ஓட்டுவதும் அதே கால்தான். மொத்தம் நாலு முறை ஓட்டியிருப்பார். பெடல் மூன்றும் நெருக்கமாக இருக்கும், வேறு யாராவது உட்கார்ந்தால் பிரேக்கை மிதிக்கும்போது ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து மாட்டும். இவருக்கு மட்டும் ஒரு நூல் பிசகாது. அந்த வண்டி என் காலை அளந்து தைத்தது என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் தூபாவைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஒருநாள் சாப்பாட்டின் நடுவே, தான் ஒரு சிட்டு வாங்கப் போவதாக அறிவித்தார். ஷஹீன் பானுவும் சரி என்றாள். பேஜார் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. வேலூர் ஷோரூமில் நிற்பது புதுச் சிட்டு. கிளட்ச் இல்லை, நாற்காலியில் உட்காருவது மாதிரி ஏறி உட்காரலாம், கால் வைக்க இடம் தாராளம். ஆனால் பள்ளிகொண்டாவில் ஜெயகரன் என்ற ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ரிட்டயரான ஒருவர், அதே பழைய மாடலை, அதே சிவப்பில், விற்கப்போவதாகச் சேதி வந்தது.

புதுசுதான் வேண்டும் என்றாள் ஷஹீன் பானு. பழையதில் உட்காருவது கிணற்றில் இறங்குவது மாதிரி, இறங்கிவிட்டால் தன் இடுப்பைத் தூக்கிவிட ரெண்டு ஆள் வேண்டும் என்பது அவள் கட்சி. கிளட்ச் இல்லாத வண்டியில் இடது காலுக்கு இன்னா வேலை, அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா என்பது அவர் கட்சி. கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு மேஜை இரண்டாகப் பிரிந்தது. கட்டிங்கில் இருப்பவர்கள் புதுசு, ஃபினிஷிங்கில் இருப்பவர்கள் பழசு. லைசென்ஸே இல்லாதவர்கள்தான் ஜாஸ்தி சத்தம் போட்டார்கள்.

அந்தச் சத்தத்தில் சேராதவர் பேட்டர்ன் மாஸ்டர் பெருமாள் மட்டும். ஷூவுக்கு அளவு வரைந்து வெட்டுகிறவர் அவர். ஒரு வருஷமாக அவருக்கு நேரம் சரியில்லை. மூன்று சாம்பிளில் சுண்டுவிரல் பக்கம் இறுக்குகிறது என்று ஜியாவுல்லா சொல்ல, பெருமாள் அகலப்படுத்தினார். மூன்று சரக்கும் வெளிநாட்டிலிருந்து தொளதொளவென்று இருப்பதாகப் புகாரோடு திரும்பியது. திங்கட்கிழமை முதலாளி கூட்டம் போட்டு, மாஸ்டரை சாம்பிள் அறையிலிருந்து எடுத்துவிட்டு பேக்கிங்குக்கு அனுப்பப்போகிறார் என்று பேச்சு. பாவம், மாஸ்டருக்குக் கை போய்விட்டது என்று ஜியாவுல்லா உச்சுக்கொட்டினார். கால் எப்படித் தப்பாகும்? அந்த யோசனையே அவருக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாக பஸ் ஏறி பள்ளிகொண்டா போனார்கள். ஜெயகரன் வண்டியைத் துடைத்து வைத்திருந்தார், பக்கத்திலேயே பதினைந்து வருஷத்து பில்களை அடுக்கிய ஃபைல். ஷஹீன் பானு முனகிக்கொண்டே இடது பக்கம் இறங்கி உட்கார்ந்தாள். ஜியாவுல்லா ஸ்டியரிங்கைத் தொட்டதும் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. வண்டி தெருவைத் தாண்டி சர்வீஸ் ரோட்டுக்கு வந்தது. எதிரே ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. பிரேக்கை மிதித்தார். எஞ்சின் உறுமியது. ஷூவின் ஓரம் ஆக்ஸிலேட்டரில் மாட்டியிருந்தது.

ஏதோ கைப்பிசகு என்று நினைத்துக்கொண்டார். இன்னும் நாலு முறை மிதித்துப் பார்த்தார், நாலு முறையும் உறுமியது. திரும்பிவந்து நிறுத்தியதும், பெடலை மாற்றிவிட்டீர்களா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார். ஜெயகரன் ஃபைலை நீட்டினார்.

"ஒரு நட்டுகூட மாத்தல பாய். கம்பெனியில எப்படிக் கொடுத்தானோ அப்படியே இருக்குது."

ஜியாவுல்லா குனிந்து, இரண்டு பெடலுக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் சரியாக இரண்டு விரல் போகும், அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போதும் இரண்டு விரல் போயிற்று. அப்படியே குனிந்த வாக்கில் இருந்தார். பெடல் மாறவில்லை என்றால் மாறியது எது?

ஷஹீன் பானு கேலி செய்யப்போகிறாள் என்றுதான் நினைத்தார். அவள் மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு வருஷமா உங்களுக்கு வீட்டுச் செருப்பு ஒன்பதாம் நம்பர்தான் வாங்குறேன். ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டுத்தான் கொடுக்கறேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா தாங்கியிருப்பீங்களா?"

வயசானால் கால் பரந்து அகலமாகும் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அது மற்றவர்கள் காலுக்கு என்று நினைத்துவிட்டார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் காரும் போச்சு, சிவப்பும் போச்சு, பெருமாளின் முகம்தான் கண் முன்னால் நின்றது. மூன்று முறையும் அந்த மனுஷன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன் ஸ்கேலைவிட இவர் காலை நம்பினார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, பட்டமும் பிழைக்கும். வெட்கத்தை விட்டுச் சொன்னால் பட்டம் போகும், மாஸ்டர் பிழைப்பார். மாதனூர் வரும்வரை அவர் அதைத்தான் யோசித்தார். ஆம்பூரில் இறங்கும்போது முகம் செத்துப்போயிருந்தது.

திங்கட்கிழமை சாம்பிள் அறையில் கூட்டம் கூடியது. முதலாளி தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் ஜியாவுல்லா முன்னால் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார்.

"மாஸ்டர் அளவு மூணு முறையும் சரி. என் காலுதான் தப்பு. அளந்து பாருங்க."

பெருமாள்தான் மண்டியிட்டு டேப்பைச் சுற்றினார். ஒருமுறை சுற்றினார், நம்பாமல் மறுபடியும் சுற்றினார். நம்பரைச் சத்தமாகச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ஜியாவுல்லாவுக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

பெருமாள் சாம்பிள் அறையிலேயே இருந்தார். ஜியாவுல்லாவை ஃபைனல் செக்கிங்கில் போட்டார்கள். மறுபடி எல்லார் காலையும் அளந்து, கட்டிங்கில் இருக்கும் தபரேஸைப் பிடித்தார்கள். அவன் இப்போது கிரிக்கெட் ஆடுவதில்லை, மழைத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகிறான் என்று கேள்வி.

புதுச் சிட்டுதான் வந்தது. அதுவும் சிவப்பு. ஷஹீன் பானு ஜெயித்துவிட்டாள் என்று ஊர் சொன்னது, அவளும் மறுக்கவில்லை. இடது காலுக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்தாயிற்று என்று ஜியாவுல்லா தானே முந்திக்கொண்டு சொல்லிச் சிரித்தார். ஆனால் நாலு வாரம் அவர் சாம்பிள் அறைப் பக்கமே போகவில்லை. மாஸ்டர் முகத்தில் எப்படி முழிப்பது?

ஐந்தாவது வாரம் பெருமாளே செக்கிங்குக்கு வந்தார், கையில் ஒரு பெட்டி. உள்ளே கறுப்பு ஷூ ஒரு ஜோடி. இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் ஜோடி அந்தக் காலில் ஏறி இறங்கியிருக்கிறது, ஒன்றுகூட அவருக்காகத் தைத்ததில்லை. பெட்டியின் மேல் பெருமாள் தன் கையால் ஒன்பது என்று எழுதியிருந்தார். கிழித்து மறைக்கிற மாதிரி ஸ்டிக்கர் எதுவும் ஒட்டவில்லை.

ஜியாவுல்லா போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில், அந்தக் கோடிவரை நடந்து திரும்பினார்.

"எங்க இறுக்குது பாய்?" என்று கேட்டார் பெருமாள், அவரும் பழக்கதோஷத்தில்தான்.

"எங்கயும் இல்ல மாஸ்டர்," என்றார் ஜியாவுல்லா.