வெள்ளாங்குளம் போன விதைநெல்லும் ஒழுகிய கியர்பெட்டியும்

காலை ஐந்தரை மணிக்கு வவுனியாவிலிருந்து புறப்பட்டோம். வானை ஓட்டியவன் நான். பின் ஆசனத்தில் என் மனைவியின் தமக்கை ராசம்மா, அவருக்குப் பின்னால் ஆறு மூட்டை விதைநெல். மச்சாள் இடம்பெயர்ந்தோர் முகாமை விட்டு வந்து இரண்டு வருடமாக எங்களோடுதான் இருந்தார். இப்போது சொந்த ஊரான வெள்ளாங்குளத்தில் குடியேற அனுமதி கிடைத்து, கொட்டிலுக்குத் தகரமும் போட்டாயிற்று. ஊருக்கே ஒரு உழவு இயந்திரம்தான். மறுநாள் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மச்சாளின் முறை. அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வருவதற்குள் மழை பிடித்துவிடும், அந்த வருடம் விதைப்பு இல்லை.

வானைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதன் மீற்றர் மூன்று இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீற்றரில் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று எனக்கு விற்றவருக்கே தெரியாது. தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் வான். அந்தக் கியர்பெட்டிக்கும் காலத்துக்குக் காலம் ஒயில் மாற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

முருங்கனில் தேநீரும் பணிசும். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, உயிலங்குளம் சந்தியை நெருங்கும்போது, என்ஜின் திடீரென்று உறுமியது. வேகம் மட்டும் கூடவில்லை.

"தம்பி, சத்தம் முன்னுக்குப் போகுது. நாங்கள் போகேல்ல," என்றார் மச்சாள்.

இறங்கிப் பார்த்தேன். தெருவில் எங்களுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுப்பு ஒயில் சொட்டியிருந்தது. சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவர் காலூன்றி நின்றார்.

"வவுனியாவில இருந்தோ வாறியள்?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"ஆரும் கேக்கத் தேவையில்ல ஐயா, கோடு போட்டுக்கொண்டெல்லோ வந்திருக்கிறியள். இந்தக் கியரிலை கை வைக்கிற ஆள் எருக்கலம்பிட்டி நிசாம் பாஸ்தான். இண்டைக்கு வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு முதல் பிடியுங்கோ."

எருக்கலம்பிட்டி மன்னார்த் தீவுக்குள் இருக்கிறது. நாங்கள் போகவேண்டியது வடக்கே. வேறு வழியில்லை. சந்திக் கடையில் லீற்றர் எழுநூற்றைம்பது ரூபாய்ப்படி இரண்டு லீற்றர் ஒயில் வாங்கி ஊற்றினேன். வான் மனம் இரங்கி நகர்ந்தது.

ஒன்பதரைக்குத் தள்ளாடி சோதனைச் சாவடி. நின்ற சிப்பாய் வானைப் பின்னுக்கு எடுத்து ஓரமாக விடும்படி கையைக் காட்டினான். பின் கியரைப் போட்டேன். என்ஜின் கத்தியது, சில்லு அசையவில்லை.

"என்ன, ரிவர்ஸ் இல்லையா?"

"நேற்று இருந்தது, சேர்."

அவன் விசில் அடித்து நான்கு பேரைக் கூப்பிட்டான். மச்சாள் இறங்க மறுத்துவிட்டார். "நான் இறங்கினா நெல்லை ஆர் பாக்கிறது?" ஆறு மூட்டை நெல்லையும் மச்சாளையும் சேர்த்து இராணுவம் தள்ளியது. தள்ளாடியில் எங்களைத் தள்ளினார்கள் என்று பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், யாரும் நம்புவதில்லை. சோதிப்பதற்காக ஒரு மூட்டையை அவிழ்த்த சிப்பாய், ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் எடுத்து ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்த்தான். கமக்காரன் வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது.

"நல்ல விதை. மழ வரும், கெதியாப் போங்க," என்றான்.

கெதியாகப் போகும் நிலையில் வான் இல்லை. தீவுக்குப் போகும் மூன்று கிலோமீற்றர் கடற்பாலத்தில் எங்களை ஒரு தண்ணீர் பவுசரும், இரண்டு சைக்கிள்களும் முந்தின.

பத்தே முக்காலுக்கு நிசாம் பாஸின் கராஜ். நான்கு கம்பம், மேலே தறப்பாள், கீழே மணல். அவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். ஊரை விட்டு இடம்பெயர்ந்து இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு முந்தின வருடம்தான் ஊர் திரும்பியவர். வானுக்கு அடியில் போய், விரலில் ஒயிலைத் தொட்டு மணந்து, படுத்தபடியே கேட்டார்.

"இது எப்ப மாத்தின ஒயில்?"

நான் கடல் இருந்த பக்கம் பார்த்தேன்.

"சரி, விளங்குது," என்றபடி வெளியே வந்தார். "இதில ஒரு சிக்கல் இருக்கு. இந்த ஊத்தைதான் இப்ப கியரைப் பிடிச்சுக்கொண்டு இருக்கு. முழுக்க வடிச்சிட்டுப் புது ஒயில் விட்டா, தேஞ்ச தட்டெல்லாம் வழுக்கத் தொடங்கிரும்."

"அப்ப ஊத்தையோடயே விடுங்கோ," என்றார் மச்சாள்.

"விட்டா எரிஞ்சு போகும் அக்கா."

"மாத்தினாலும் போகும், மாத்தாட்டியும் போகுமெண்டா என்ன கதை நானா? நாளைக்கு விடிய ஆறு மணிக்கு எனக்கு மிசின் வருது. அதுக்கேத்த மாதிரி ஒண்டைச் சொல்லுங்கோ."

'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டதும் பாஸ் தாடியைச் சொறிந்தார். பாதியை மட்டும் மாற்றுவது என்று தீர்ப்பாயிற்று. அடித்தட்டைக் கழற்றி அதிலுள்ளதை வடிப்பது, வடிகட்டியைக் கழுவுவது, வடித்த அளவுக்குப் புதிது விடுவது. மற்றப் பாதியை ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகு. ஒழுகிய இடங்கள் இரண்டு. ஒன்று தேய்ந்த சீல், அவரிடம் புதியது இருந்தது. மற்றது அடித்தட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைக்கும் பக்கிங். அது உக்கிப் பொடியாகியிருந்தது.

கையிருப்பில் கடைசியாக இருந்த பக்கிங் கடதாசியில் புதிய ஒன்றை அளவெடுத்து, ஆணித் துளைகளோடு அழகாக வெட்டி, மரப்பெட்டி ஒன்றின் மேல் வைத்தார். பன்னிரண்டு மணியாகிவிட்டது.

"ஜும்மாவுக்குப் போய்ட்டு வாறன். இதைப் பாத்துக்கங்க, கழுதை வரும்."

மன்னாரில் கழுதைகள் தெருவில் தம்பாட்டில் திரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் விடிய முதலே எழும்பிய உடம்பு, தறப்பாள் நிழல், கடற்காற்று. மச்சாள் போட்ட சத்தத்தில் கண் விழித்தபோது, ஒரு கழுதை பெட்டியருகே நின்று நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. வாயோரத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் தெரிந்தன. எட்டிப் பிடிக்கப் போனேன். அதையும் விழுங்கிவிட்டது.

தொழுகை முடிந்து வந்த பாஸ், பெட்டியைப் பார்த்தார், கழுதையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"கொழும்புச் சாமான் திங்கட்கிழமைதான் வரும்," என்றார்.

மச்சாள் வானுக்குள் ஏறி, தன் கைப்பையிலிருந்து ஒரு கோவையை எடுத்துக்கொண்டு வந்தார். தடித்த பழுப்பு மட்டைக் கோவை. காணி அனுமதிப்பத்திரம், குடும்ப அட்டை, முகாம் பதிவு எல்லாம் அதற்குள்தான். ஆறு இடம் இடம்பெயர்ந்தபோதும், சட்டிபானையை விட்டாலும் அதை அவர் விடவில்லை. எங்கள் வீட்டில் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் படுப்பார்.

"இந்த மட்டை காணுமோ நானா?"

பாஸ் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வளைத்துப் பார்த்தார், அடித்தட்டின் மேல் வைத்துப் பார்த்தார். "பசை பூசி இறுக்கினா நிக்கும். ஆனா அக்கா, இது உங்கட..."

"கடதாசியள்தான் எனக்கு வேணும். வெட்டுங்கோ."

சொன்னாரே தவிர, கத்தரிக்கோல் மட்டையில் இறங்கும்போது மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கடதாசிகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் செருகினார். வெட்டிய பக்கிங்கின் ஒரு மூலையில், மையால் எழுதிய 'ராசம்' மட்டும் மிஞ்சியிருந்தது. பாஸ் அதைத் தூக்கிக் காட்டினார்.

"இனிப் பயமில்ல. வானுக்கும் பதிவு வந்திட்டு."

மச்சாள் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

நாலு மணிக்கு எல்லாம் பூட்டி, ஒயில் விட்டு, என்ஜினை முடுக்கினோம். பின் கியர் விழுந்தது. எல்லோரும் கைதட்டினோம். கழுதை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எருக்கலம்பிட்டியிலிருந்து வெள்ளாங்குளம் ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. பாதி தூரம் தெரு, பாதி தூரம் குழி. ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு தடவை மச்சாள் நிறுத்தச் சொல்லி, தானே இறங்கிக் குனிந்து, கையால் அடித்தட்டைத் தடவிப் பார்ப்பார். "காஞ்சுபோய்த்தான் இருக்கு, எடுங்கோ." ஏழு மணிக்குச் சற்று முன் கொட்டில் வாசலில் நெல்லை இறக்கினோம்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு உழவு இயந்திரம் வந்தது. எங்கள் வீட்டில் இரண்டு வருடமும் மச்சாள், "திறக்கலாமோ தங்கச்சி?" என்று கேட்காமல் தண்ணீர்க் குழாயைக்கூடத் திறந்ததில்லை. இருமல் வந்தாலும் வெளியே போய் இருமிவிட்டு வருவார். சத்தமில்லாத மனுசி என்று அக்கம்பக்கத்தில் பெயர். அந்த மனுசி இங்கே வரம்பில் ஏறி நின்று, மிசின்காரனை இடப்பக்கம் போகச் சொல்லியும், மூலையை ஏன் விட்டாய் என்று ஏசியும் போட்ட சத்தம், அடுத்த வயல்காரரை நிமிர்ந்து பார்க்க வைத்தது. என் வீட்டில் அவருக்கு எல்லாம் இருந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். எட்டு மணிக்கு விடைபெறப் போனேன்.

"அப்ப நான் போட்டு வாறன் அக்கா."

"எங்க போறியள்? மூண்டு மூட்டை அப்பிடியே கிடக்கு. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இறங்குங்கோ!"

கழற்றிவிட்டு இறங்கினேன்.