சொல்லிவிட்டுப் போடும் பந்தி

என் அண்ணனின் பதினாறாம் நாளுக்கு வந்து, மண்டப வாசலில் இந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டவர்கள், சாப்பிட உட்காரும் முன் இந்தப் பக்கங்களைப் படித்துவிட வேண்டும். அண்ணன் சொல்லிவிட்டுப் போன காரியம் ஒன்று இதில் இருக்கிறது. அது இன்றைய சாப்பாட்டைப் பற்றியது.

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொன்முடி மலையடிவாரத்தில், கல்லாறு என்கிற ஊரில் டீக்கடை வைத்திருக்கிறேன். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. "கொழுந்தனாரே, நீங்களே எழுதிருங்க. வேற ஆளு எழுதினா அவுகளைத் தெய்வமாக்கிருவாங்க" என்று மதினி சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பொன்முடி எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அம்மா பறித்த கொழுந்தை எடை போடும் இடத்துக்கு அண்ணன்தான் சுமப்பார்கள். பஸ் வராத நாளில் கொண்டை ஊசி வளைவுகளுக்குக் குறுக்கே இறங்கி, புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கு நடப்பார்கள். எனக்கு அந்த நடைக்குப் பொறுமை இல்லை. அவர்களுக்கு இருந்தது.

பரீட்சை எழுதி, ஜெயில் வார்டர் வேலை கிடைத்தது. லயத்தில் கேலி செய்தார்கள்.

"என்னடே, ஜெயிலுக்குப் போறியாமே?"

"ஆமா. சம்பளத்தோட போறேன்" என்றார்கள் அண்ணன்.

திருவனந்தபுரத்தில்தான் அதிக காலம் வேலை. படிப்படியாக உயர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றார்கள். வேலையில் இருந்தபோது அதைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. ஓய்வுக்குப் பிறகு மாதம் ஒரு தடவை என் கடைக்கு வந்து, ஆற்றைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து, டீ ஆறும் வரை கொஞ்சம் பேசுவார்கள். அதில் எனக்கு ஞாபகம் இருப்பதைத்தான் எழுதுகிறேன்.

உள்ளே சத்தம் போடுகிறவனைப் பற்றி அண்ணன் கவலைப்பட்டதில்லை. சத்தம் போட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று அடங்கினால் அன்று அவனைத் தனியே விட மாட்டார்கள். சோறு சரியில்லை என்று ஒருவன் தட்டை எறிந்தால், பெண்டாட்டி பார்க்க வந்தாளா என்று முதலில் விசாரிப்பார்கள். தட்டைப் பற்றிய பேச்சு அப்புறம்தான். ஓணத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் லீவு எடுக்க மாட்டார்கள். அந்த நாளில்தான் உள்ளே இருக்கிறவனுக்கு வீடு ஞாபகம் வரும், பழகின முகம் ஒன்று நிற்க வேண்டும் என்பார்கள். இதில் மதினிக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தை இங்கே எழுதச் சொன்னதும் அவர்கள்தான்.

எல்லாரும் நல்லவர்கள் என்று அண்ணன் சொன்னதே கிடையாது. "சிலவனை வெளிய விட்டா நானே ரெண்டு தாழ்ப்பாள் போட்டுத்தான் படுப்பேன்" என்பார்கள். ஆனால் ஒன்றும் சொல்வார்கள். "தண்டனை குடுக்கிறது கோர்ட்டு. அதுக்கு மேல ஒரு சொட்டு கூட்டிக் குடுக்க எனக்கு யாரும் சம்பளம் தரல்ல."

ஒரு தடவை நான் கேட்டேன். "கொலைகாரனுவ நடுவுல நிக்கப் பயமா இல்லியாண்ணே?"

"ஆத்திரத்தில ஒரே ஒரு தடவ செஞ்சவன் அங்க ஒதுங்கித்தான் இருப்பான்டே. அவன் கையிலதான் அடுப்படியக் குடுப்போம். கத்தி, கொதிக்கிற எண்ணெய், எல்லாம் அவன்கிட்டதான். சில்லறைத் திருடன்கிட்ட சீனி டப்பாவக்கூடக் குடுக்க முடியாது."

அப்படி அடுப்படியில் இருந்தவர்தான் ஸ்டீபன். விழிஞ்ஞத்துக்காரர், கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலை கிழிந்த தகராறில் கரையில் வைத்து ஒருவரை அடித்தார். அடிபட்டவர் இறந்துபோனார். ஸ்டீபன் தண்டனையை முழுதாகக் கழித்தார். சமையல் படித்தது உள்ளே. வெளியே வந்த பிறகு யாரும் அவரைப் படகில் ஏற்றவில்லை. சமையல் வேலைக்குப் போனால், முன்னே எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் அன்றோடு வேலை போய்விடும்.

என் மகள் கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அண்ணன் ஸ்டீபனைக் கூட்டி வந்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் நின்று பேசினோம்.

"சம்பந்தி வீட்டில சொல்லிட்டுத்தான் அடுப்புப் பத்த வைக்கணும்" என்றார்கள் அண்ணன்.

"வேண்டா சாரே" என்றார் ஸ்டீபன். "ஒரு தடவ ஆளுங்க சும்மா சாப்பிடட்டு. என் கையில ருசி இருக்கா இல்லியான்னு எனக்கு அறியணும். சொன்னா அவங்க சோறப் பாக்க மாட்டாங்க. என்னத்தான் பாப்பாங்க."

நான் பெண்ணைப் பெற்றவன். சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் முடிந்தால் போதும் என்றிருந்தது. அண்ணன் ஸ்டீபன் தோளில் கை வைத்தார்கள்.

"சரி. ஆனா இன்னொரு நாள் சொல்லித்தான் பந்தி போடணும். அதுக்கு நீ சம்மதிக்கணும்."

"பின்னே ஆகட்டு சாரே" என்றார் ஸ்டீபன். அப்புறம் ஆகட்டும் என்று அர்த்தம்.

அந்தக் கல்யாணச் சாப்பாட்டை இதைப் படிக்கிற பலர் சாப்பிட்டிருக்கிறீர்கள். பால் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கியவர்கள் யார் என்றும் எனக்குத் தெரியும். சம்பந்தியின் அண்ணன் செங்கோட்டைக்காரர், நாக்கில் கண்டிப்பானவர். இலையை மடித்ததும் சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்றார். ஸ்டீபன் துண்டில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"அவியல் ஜோரா இருந்துச்சு வேய். எந்த ஹோட்டல்ல படிச்சீரு?"

"ஹோட்டல் இல்ல சாரே. கவர்மெண்ட்."

"அடேயப்பா. கவர்மெண்ட்ல சமையலா? அப்ப பென்ஷன் வருமே?"

ஸ்டீபன் அண்ணனைப் பார்த்தார்.

"பென்ஷன் எனக்குத்தான் வருது" என்றார்கள் அண்ணன்.

எல்லாரும் சிரித்தோம். பெரியவரும் சிரித்தார். அவர் இன்றும் வந்திருக்கிறார். எதற்குச் சிரித்தோம் என்று இப்போது அவருக்கு விளங்கியிருக்கும்.

அந்தக் கல்யாணத்தால் ஸ்டீபனுக்கு வேலை வந்தது. உங்களில் சிலர் வீட்டு வளைகாப்புக்கும் புதுமனைக்கும் அவர்தான் சமைத்தார். குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அண்ணனுக்கு நிறைவில்லை. பார்க்கும்போதெல்லாம், "எப்பம்டே சொல்லலாம்?" என்று ஸ்டீபனிடம் கேட்பார்கள். "பின்னே ஆகட்டு சாரே" என்பார் அவர்.

எனக்கே பொறுக்காமல் ஒரு நாள் கடையில் வைத்துக் கேட்டேன். "நல்லாத்தான போகுது. எதுக்குண்ணே கிளறணும்?"

"ஒவ்வொரு பந்திக்கும் அவன் அடுப்புப் பக்கம் திரும்பி நிக்கிறதப் பாத்திருக்கியா? யாராவது பழைய ஆளு வந்து அடையாளம் கண்டிருவானோன்னு பயம். உள்ள இருக்கும்போது எங்கிட்ட நிமிந்து நின்னு பேசினவன்டே அவன். வெளிய வந்து ஒளிஞ்சிக்கிட்டு இருக்கான். நான் கேட்டைத் திறந்து விட்டது இதுக்கா?"

டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அவ்வளவு நீளமாக அண்ணன் பேசி நான் கேட்டது அன்றுதான்.

பிறகு நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அதிகம் கஷ்டப்படவில்லை. ஸ்டீபன் தினமும் கஞ்சியும் சிறுபயறும் கொண்டுவருவார். அதை மட்டும்தான் அண்ணன் சாப்பிட்டார்கள். ஒரு நாள் கஞ்சி குடித்துவிட்டு, மதினியும் நானும் இருக்கும்போதே சொன்னார்கள்.

"ஸ்டீபா, உள்ள நான் உனக்கு நிறைய ஆர்டர் போட்டேன். இது கடைசி. என் பதினாறுக்கு நீதான் சமைக்கணும். சொல்லிட்டு."

"ஆளுங்க எழும்பிப் போயாலோ சாரே?"

"போனா மிச்சத்த நீயும் என் தம்பியும் தின்னுங்க. அவன் நல்லாத் தின்னுவான்."

மதினி சிரித்துவிட்டார்கள். ஸ்டீபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். திரும்பி வந்து, "சரி சாரே" என்றார். மறு வாரம் அண்ணன் தூக்கத்திலேயே போனார்கள். முகத்தில் ஒரு குறையும் இல்லை.

இதை எழுதும் முன் ஸ்டீபனிடம் கேட்டேன், பெயர் போடாமல் எழுதட்டுமா என்று.

"பேரு போடுங்க சேட்டா. போடல்லேன்னா கூட வெங்காயம் அரிஞ்ச ஆள்களை எல்லாம் சந்தேகப்படுவாங்க. அவங்க பாவம்."

மகளிடமும் கேட்டேன். அவள் புகுந்த வீட்டில் இதனால் பேச்சு வரலாம். "வந்தா வரட்டும்ப்பா. பெரியப்பா சொன்னதுதான" என்றாள். மாப்பிள்ளையிடமும் சொன்னாள். அவர் முழுதையும் கேட்டுக்கொண்டாராம். பிறகு, "அன்னைக்குப் போட்ட பாயசம் உண்டுமா?" என்று கேட்டாராம். உண்டு.

இனி நன்றி. ஆஸ்பத்திரியில் ராவும் பகலும் மாற்றி மாற்றி இருந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நன்றி. கூப்பிட்ட நேரமெல்லாம் வண்டி கொண்டுவந்த ஆட்டோக்காரருக்கு, பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கு, நர்சுகளுக்கு நன்றி. அண்ணனோடு வேலை பார்த்தவர்கள் சீருடையில் வந்து நின்றார்கள். உள்ளே இருந்து வெளியே வந்தவர்களும் சிலர் வந்து, பெயர் சொல்லாமல் மாலை போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் நன்றி. பொன்முடியிலிருந்து முதல் பஸ்சைப் பிடித்து வந்த லயத்து ஆட்களுக்கும் நன்றி. மதினி எல்லாருக்கும் கும்பிடு சொல்லச் சொன்னார்கள்.

இன்றைய சாப்பாடு ஸ்டீபன் சமைத்தது. பரிமாறுவதும் அவர்தான். இன்று அடுப்புப் பக்கம் திரும்பி நிற்க மாட்டார். அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

எழுந்து போகிறவர்கள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மோர் மட்டுமாவது குடித்துவிட்டுப் போங்கள். அது நான் கலக்கினது.

முதல் பந்தியில் முதல் இலையில் நான் உட்காருகிறேன். அடுத்த இலையும் போட்டிருக்கிறது. வாருங்கள்.